ஒன்பதாவது ஓட்டக்காரர்

கொல்லிமலைச் செம்மேட்டில் சர்வதேசத் தரத்தில் ஓர் ஓடுகளம் போட்டுவிட்டதாக வைத்துக்கொள்வோம். எட்டுப் பாதைகள், செயற்கைத் தரை, மின்னணுக் கடிகாரம் எல்லாம் வந்துவிட்டன. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி அங்கே 100 மீட்டரை 12.40 வினாடியில் ஓடி முடிக்கிறாள். சபாஷ்! ஆனால் உலகத் தடகளச் சம்மேளனத்தின் பட்டியலில் ஏற்றும்போது அந்த நேரத்தை வெறும் 12.40 என்று எழுத மாட்டார்கள். பக்கத்தில் ‘ஏ’ என்று ஓர் ஆங்கில எழுத்தைப் போடுவார்கள். அதோடு +1.3 என்றோ -0.8 என்றோ ஓர் எண்ணும் சேரும்.

‘ஏ’ என்றால் கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் ஓடிய நேரம் என்று பொருள். கொல்லிமலையின் மேட்டுநிலம் ஏறக்குறைய 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காரவல்லியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, பாதி வழியிலேயே வயிற்றைப் பிரட்டிக்கொண்டு வந்து சேர்ந்தவர்களுக்கு அந்த உயரத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து எண், ஓட்டம் நடந்தபோது அடித்த காற்றின் வேகம். கூட்டல் குறி இருந்தால் காற்று ஓடுபவரின் முதுகில் அடித்தது. கழித்தல் குறி இருந்தால் முகத்தில் அடித்தது.

எட்டுப் பாதையில் எட்டுப் பேர் ஓடுகிறார்கள். ஒன்பதாவதாகக் காற்றும் ஓடுகிறது. அதற்குப் பாதை கிடையாது, பதக்கமும் கிடையாது. ஆனாலும் அதன் வேகத்தைத் தனியாக அளந்து எழுதிவைக்கிறார்கள். ஏன் இவ்வளவு அக்கறை?

காற்றுக்கு எடை உண்டு என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அந்த எடை எவ்வளவு என்று கேட்டால்தான் ஆச்சரியம். கடற்கரை ஊரில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.2 கிலோ இருக்கும். 6 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள வகுப்பறையில் 108 கன மீட்டர் காற்று இருக்கிறது. பெருக்கிப் பாருங்கள், சுமார் 130 கிலோ! அந்த அறையில் இருப்பதிலேயே மிகக் கனமான ஆள் உங்கள் ஆசிரியர் அல்ல, காற்றுதான்.

இப்போது ஓடுகளத்துக்கு வருவோம். ஓடும் மனிதரை முன்னாலிருந்து பார்த்தால் அவர் உடல் மறைக்கும் பரப்பு ஏறக்குறைய அரை சதுர மீட்டர். அந்த உடல் 100 மீட்டர் தூரம் போகும்போது வழியில் 50 கன மீட்டர் காற்று குறுக்கே இருக்கும். அதாவது 60 கிலோ. ஒரு வீரர் 100 மீட்டர் ஓட வேண்டுமென்றால், கிட்டத்தட்ட இன்னொரு ஆளின் எடையுள்ள காற்றை இடமும் வலமும் ஒதுக்கித் தள்ளியாக வேண்டும். அதுவும் பத்துப் பன்னிரண்டு வினாடிக்குள்.

மெதுவாக நடக்கும்போது இது உறைப்பதில்லை. வேகம் ஏற ஏறத்தான் காற்று தன் கையைக் காட்டும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. வேகம் மூன்று மடங்கானால் தடை ஒன்பது மடங்கு. வேகத்தை அதனாலேயே பெருக்கி வரும் வர்க்கக் கணக்கு இது. இந்தக் கட்டுரையில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய விதி இது ஒன்றுதான்.

பெரிய வீரர் ஒருவர் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றே அடிக்காத நாளில் அவருக்கு எதிரே வரும் காற்றின் வேகமும் 10தான். 10ஐ 10ஆல் பெருக்கினால் 100. அவர் சந்திக்கும் தடையை 100 பங்கு என்று வைப்போம். முதுகுப் பக்கமிருந்து வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், எதிரே வருவது 8 ஆகக் குறைகிறது. எட்டெட்டு 64. தடையில் 36 பங்கு மிச்சம். அதே 2 மீட்டர் காற்று முகத்தில் அடித்தால் எதிரே வருவது 12. பன்னிரண்டு பன்னிரண்டு 144. தடையில் 44 பங்கு கூடுதல்.

கவனித்தீர்களா? காற்று ஒன்றுதான், வேகமும் ஒன்றுதான். ஆனால் பின்னாலிருந்து 36 கொடுக்கிறது, முன்னாலிருந்து 44 பிடுங்குகிறது. கொடுப்பதைவிட எடுப்பது அதிகம். காற்று அப்படியொன்றும் நேர்மையான ஆள் அல்ல.

கடிகாரத்தில் இது எவ்வளவு? உலகத் தரத்தில் ஓடும் ஆண்களுக்கு 2 மீட்டர் பின்காற்று 100 மீட்டரில் சுமார் 0.10 வினாடியை மிச்சப்படுத்தும் என்று இதை ஆராய்ந்த இயற்பியலாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பெண்களுக்குச் சுமார் 0.12 வினாடி. ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். முடிவுக்கோட்டருகே அவர்கள் ஓடும் வேகத்தில் அது ஒரு மீட்டருக்கும் அதிகமான தூரம். தங்கப் பதக்கத்துக்கும் வெறும் கைக்கும் நடுவே பெரும்பாலும் அவ்வளவு இடைவெளிகூட இருப்பதில்லை. உசேன் போல்ட் 2008இல் பெய்ஜிங்கில் 9.69 வினாடியில் ஓடியபோது காற்று 0.0. அடுத்த ஆண்டு பெர்லினில் 9.58 என்ற உலகச் சாதனை படைத்தபோது காற்று +0.9. அந்த 0.11 வினாடி முன்னேற்றத்தில் ஏறக்குறைய 0.05 காற்றின் பங்காக இருக்கலாம். மீதி போல்டுடையது. அதுவே போதும், யாரும் அவரை இன்னும் நெருங்கவில்லை!

இதனால்தான் ஒரு வரம்பு வைத்தார்கள். 1936 முதல் இருக்கும் விதி இது: 100 மீட்டர், 200 மீட்டர், 100 மற்றும் 110 மீட்டர் தடை ஓட்டங்கள், நீளம் தாண்டுதல், மும்முறைத் தாண்டுதல் ஆகியவற்றில் பின்காற்று வினாடிக்கு 2.0 மீட்டரைத் தாண்டினால் அந்த நேரமோ தூரமோ சாதனையாகப் பதிவாகாது. எதிர்காற்றுக்கு வரம்பே இல்லை. எதிர்காற்றில் யார் சாதனை செய்தாலும் மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்வார்கள். 2023 மே மாதம் நம் தமிழ்நாட்டின் பிரவீன் சித்ரவேல் கியூபாவின் ஹவானாவில் மும்முறைத் தாண்டுதலில் 17.37 மீட்டர் தாண்டித் தேசியச் சாதனை படைத்தார். அப்போது காற்று -1.5. முகத்தில் அறைந்த காற்றையும் மீறித் தாண்டிய தூரம் அது.

இவ்வளவு துல்லியமாகக் காற்றை எப்படி அளக்கிறார்கள்? களத்தின் ஓரத்தில், முதல் பாதையை ஒட்டி, முடிவுக்கோட்டிலிருந்து 50 மீட்டர் தள்ளி ஒரு கருவி நிற்கும். வீரர்களும் பயிற்சியாளர்களும் அதை ‘விண்ட் கேஜ்’ என்பார்கள். தரையிலிருந்து அதன் உயரம் 1.22 மீட்டர். 100 மீட்டர் ஓட்டத்தில் துப்பாக்கி வெடித்ததிலிருந்து 10 வினாடிகளுக்கு அது காற்றை அளந்து சராசரியைச் சொல்லும். தடை ஓட்டம் என்றால் 13 வினாடி. நீளம் தாண்டுதலில் வீரர் ஓடி வரும்போது 5 வினாடி. பழைய கருவிகளில் சுழலும் விசிறி இருந்தது. இப்போது கேளா ஒலி பயன்படுகிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒலியை அனுப்புவார்கள், பிறகு அங்கிருந்து இங்கே அனுப்புவார்கள். காற்று போகும் திசையில் ஒலி சற்று சீக்கிரம் போய்ச் சேரும், எதிர்த் திசையில் சற்று தாமதமாகும். இந்த இரண்டு நேரங்களின் வித்தியாசத்திலிருந்து காற்றின் வேகம் கிடைத்துவிடும். ஓடும் திசையில் உள்ள காற்றை மட்டுமே கருவி கணக்கில் எடுக்கும். குறுக்கே அடிக்கும் காற்றைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

அளவை முழுமையாக்கும் விதி இன்னும் கறாரானது. பின்காற்று 2.01 என்று வந்தால் அதை 2.0 என்று குறைத்து எழுத மாட்டார்கள், 2.1 என்று ஏற்றித்தான் எழுதுவார்கள். சந்தேகத்தின் பலன் வீரருக்கு இல்லை. இந்த இடத்தில்தான் பலருடைய கனவு தடுக்கி விழுந்திருக்கிறது.

2022 ஏப்ரல் மாதம். கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் தேஞ்ஞிப்பலம் மைதானத்தில் ஃபெடரேஷன் கோப்பைத் தடகளப் போட்டி. ஆந்திரத்தின் ஜோதி யாராஜி 100 மீட்டர் தடை ஓட்டத்தை 13.09 வினாடியில் முடித்தார். அப்போதிருந்த தேசியச் சாதனை அனுராதா பிஸ்வால் 2002இல் ஓடிய 13.38. இருபது ஆண்டுச் சாதனையை அடித்து நொறுக்கிவிட்டார்! காற்றுக் கருவியைப் பார்த்தார்கள். +2.1. போச்சு. இந்த 0.1 மீட்டர் காற்று அவருக்குக் கொடுத்திருக்கக்கூடிய உதவி ஒரு வினாடியில் நூற்றில் ஒரு பங்குகூட இராது. அவர் சாதனையை முந்தியதோ 0.29 வினாடியால். வரம்பைத் தாண்டிய காற்றை முழுவதும் கழித்தாலும் சாதனை சாதனைதான். ஆனால் விதி கழித்துப் பார்ப்பதில்லை, கோட்டைத் தாண்டினாயா இல்லையா என்று மட்டும் பார்க்கிறது. ஜோதி அழுது புலம்பிக்கொண்டிருக்கவில்லை. அடுத்த மாதமே சைப்ரஸ் நாட்டின் லிமசோலில் 13.23 வினாடியில் ஓடினார். அன்று காற்று -0.1. இந்த முறை சாதனை செல்லுபடியானது.

அதே கோழிக்கோட்டுப் போட்டியில் நம்மூர்க் கதையும் ஒன்று நடந்தது. தூத்துக்குடி மாவட்டத்தில் முதலூர் என்று ஓர் ஊர். மஸ்கோத் அல்வாவுக்குப் பேர்போன ஊர் என்று அல்வாப் பிரியர்களுக்குத் தெரியும். அந்த ஊரிலிருந்து வந்த ஜெஸ்வின் ஆல்ட்ரின் நீளம் தாண்டுதலில் 8.37 மீட்டர் தாண்டினார். கேரளத்தின் முரளி ஸ்ரீசங்கர் 8.36 மீட்டர். பழைய தேசியச் சாதனை 8.26. இருவருமே அதைத் தாண்டிவிட்டார்கள். தங்கம் ஜெஸ்வினுக்கு. சாதனை? அது ஸ்ரீசங்கருக்கு! ஜெஸ்வின் தாண்டியபோது காற்று +4.1, ஸ்ரீசங்கர் தாண்டியபோது +1.5.

ஒரு சென்டிமீட்டர் அதிகம் தாண்டியவருக்குப் பதக்கம், குறைவாகத் தாண்டியவருக்குச் சாதனை. முரண்பாடாகத் தெரிகிறதல்லவா? எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது. பதக்கம் அன்றைக்கு அங்கே இருந்தவர்களுக்கு இடையிலான போட்டி. எல்லோரும் அதே மைதானத்தில், அதே மாலையில் தாண்டுகிறார்கள். ஒருவர் முறையில் காற்று எழுவதும் இன்னொருவர் முறையில் அடங்குவதும் விளையாட்டோடு வருவது. சாதனை அப்படியல்ல. அது பத்தாண்டுக்கு முன் வேறு ஊரில், வேறு காற்றில் தாண்டியவரோடு போடும் போட்டி. அங்கே காற்றைக் கணக்கில் எடுக்காவிட்டால் ஒப்பிடுவதற்கே அர்த்தமில்லை. பின்குறிப்பாக ஒன்று: 2023 மார்ச்சில் கர்நாடகத்தின் விஜயநகரில் ஜெஸ்வின் 8.42 மீட்டர் தாண்டினார். இந்த முறை காற்று விதிக்குள் இருந்தது. தேசியச் சாதனை முதலூருக்கு வந்தது.

கருவி சொன்னால் அது வேதவாக்கு என்று நினைத்துவிடாதீர்கள். கருவியும் ஏமாறும், ஏமாற்றவும் படும். 1988 ஜூலை 16 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் ஃபுளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் 100 மீட்டரை 10.49 வினாடியில் ஓடினார். அவர் அதுவரை ஓடிய வேகத்தைப் பார்த்தால் நம்ப முடியாத பாய்ச்சல். காற்றுக் கருவி காட்டியது 0.0. அதே நேரத்தில், அதே மைதானத்தில், மும்முறைத் தாண்டுதல் நடந்துகொண்டிருந்த இடத்தில் இருந்த இன்னொரு கருவி 4.3 என்று காட்டியது! ஓடுகளத்துக் கருவி சரியாக வேலை செய்யவில்லை என்று பல வல்லுநர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். ஆனாலும் பெண்களுக்கான உலகச் சாதனைப் பட்டியலில் 10.49 அப்படியே இருக்கிறது.

1995இல் இத்தாலியின் மலையூரான செஸ்ட்ரியேரேயில் நடந்தது இன்னும் வேடிக்கை. அங்கே உலகச் சாதனை படைப்பவருக்கு ஃபெராரி கார் பரிசு. கியூபாவின் இவான் பெட்ரோசோ நீளம் தாண்டுதலில் 8.96 மீட்டர் தாண்டினார். மைக் பவல் 1991இல் டோக்கியோவில் வைத்த 8.95ஐவிட ஒரு சென்டிமீட்டர் அதிகம். அன்று மற்றவர்கள் தாண்டியபோதெல்லாம் பலமான காற்று. பெட்ரோசோ தாண்டியபோது மட்டும் கருவி 1.2 என்றது. அதிசயமாக இருக்கிறதே என்று ஒளிப்பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். காற்றுக் கருவிக்கு முன்னால் ஓர் ஆள் மறைத்துக்கொண்டு நின்றிருந்தார்! சாதனையும் போயிற்று, காரும் போயிற்று. பாவம், பெட்ரோசோ தாண்டியது என்னவோ உண்மைதான்.

400 மீட்டர் ஓட்டத்துக்கு ஏன் காற்றுக் கருவி வைப்பதில்லை என்று உங்களில் யாராவது கேட்டிருந்தால் உங்களுக்கு ஒரு கைத்தட்டல். ஒரு முழுச் சுற்று ஓடும்போது ஒரு பக்கம் காற்று உதவும், மறுபக்கம் தடுக்கும். இரண்டும் கழிந்து சமமாகிவிடும் என்றுதானே தோன்றுகிறது? வர்க்கக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடுபவருக்குக் காற்றில்லா நாளில் இரண்டு நேர்ப்பக்கங்களிலும் 64, 64. மொத்தம் 128. இப்போது வினாடிக்கு 2 மீட்டர் காற்று அடிக்கட்டும். உதவும் பக்கம் ஆறாறு 36. தடுக்கும் பக்கம் பத்துப் பத்து 100. மொத்தம் 136. சமமாகவில்லை, நட்டம்தான். சுற்றி ஓடும் எந்த ஓட்டத்திலும் காற்று ஓடுபவரின் எதிரிதான், யாருக்கும் கள்ளச் சாதனை பரிசளிக்காது. அதனால் அளந்து தடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு வேறொரு தந்திரம் உண்டு: இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது. கிரிஃபித் பியூ என்ற பிரிட்டிஷ் உடலியலாளர் 1971இல் இதைக் காற்றுச் சுரங்க அறையில் சோதித்துப் பார்த்தார். 1953இல் எவரெஸ்ட்டை முதன்முதலாக எட்டிய குழுவோடு போனாரே, அதே பியூதான். மற்றொருவருக்கு ஒரு மீட்டர் பின்னால் ஓடினால் காற்றின் தடையில் பெரும்பகுதி காணாமல் போய்விடுகிறது என்று அவர் கண்டார். எலியுட் கிப்சோகே 2019இல் வியன்னாவில் மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 வினாடியில் ஓடியபோது, சுற்றிலும் துணை ஓட்டக்காரர்கள் அணிவகுத்து, மாறி மாறிக் காற்றை மறைத்துக்கொண்டே ஓடினார்கள். அதிகாரபூர்வச் சாதனையாக அது ஏற்கப்படவில்லை.

சரி, அந்த ‘ஏ’ எழுத்துக்கு வருவோம். மேலே போகப் போகக் காற்று இளைத்துப்போகிறது. நம் தலைக்கு மேலே உள்ள காற்றின் கனம்தான் கீழே உள்ள காற்றை நெருக்கி அழுத்தி வைக்கிறது. உயரம் போனால் தலைக்கு மேலே காற்று குறைவு, அழுத்தமும் குறைவு. கொல்லிமலையின் 1200 மீட்டர் உயரத்தில் ஒரு கன மீட்டர் காற்று, சென்னைக் கடற்கரையில் இருப்பதைவிடப் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே எடை குறைந்திருக்கும். அந்த 60 கிலோ காற்றை நினைவிருக்கிறதா? செம்மேட்டில் ஓடும் மாணவி ஒதுக்க வேண்டியது 53 கிலோ அளவுதான். மலைக்குளிர் இதில் கொஞ்சத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளும், ஏனென்றால் குளிர்ந்த காற்று நெருக்கமானது. 10 டிகிரி குளிர்ந்தால் காற்று சுமார் 3 சதவீதம் கனக்கும். ஆனாலும் லாபம்தான். ஆயிரம் மீட்டர் உயரம் 100 மீட்டர் ஓட்டத்தில் சுமார் 0.03 வினாடி கொடுக்கும் என்பது கணக்கு.

1968 ஒலிம்பிக் மெக்சிகோ நகரத்தில் நடந்தது. உயரம் 2240 மீட்டர். ஜிம் ஹைன்ஸ் 100 மீட்டரை 9.95 வினாடியில் ஓடினார். பாப் பீமன் நீளம் தாண்டுதலில் 8.90 மீட்டர் தாண்டினார். அவர் தாண்டியபோது காற்று எவ்வளவு தெரியுமா? மிகச் சரியாக 2.0! இளைத்த காற்று, வரம்பின் விளிம்பில் நின்ற பின்காற்று இரண்டும் ஒன்றாக அமைந்தன. ஆனால் அதே ஊரில் 10,000 மீட்டர் ஓடியவர்கள் மூச்சுத் திணறினார்கள். வென்ற கென்யாவின் நஃப்தாலி டெமு எடுத்துக்கொண்ட நேரம் 29 நிமிடம் 27 வினாடி. அப்போதைய உலகச் சாதனை 27 நிமிடம் 39 வினாடி. அதை வைத்திருந்த ரான் கிளார்க் ஆறாவதாக வந்து முடிவுக்கோட்டில் மயங்கி விழுந்தார். காற்று இளைத்தால் தடை குறையும், கூடவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் குறையும். பத்து வினாடியில் ஓடி முடிப்பவர் உடலில் இருக்கும் சக்தியை வைத்தே சமாளித்துவிடுவார். அரை மணி நேரம் ஓடுபவர் என்ன செய்வார்?

இங்கே விதியில் ஓர் ஓட்டை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பின்காற்று 2.1 ஆனால் சாதனை தள்ளுபடி. ஆனால் 2240 மீட்டர் உயரத்தின் இளைத்த காற்றில் ஓடினால் ‘ஏ’ என்று ஒரு குறிப்போடு சாதனையை ஏற்றுக்கொள்கிறார்கள். இரண்டுமே காற்று தரும் சலுகைதானே? ஒன்றைத் தடுத்து மற்றதை அனுமதிப்பது கணக்கில் இடிக்கிறது. மலையில் வாழும் நாடுகளைப் போட்டி நடத்தவே விடாமல் செய்ய முடியாது என்பதும் உண்மை. கொல்லிமலைப் பிள்ளைகள் ஓடிய நேரம் செல்லாது என்று யாராவது சொன்னால் நீங்கள் விடுவீர்களா?

மலையில் காற்றின் குணமே வேறு. காலையில் வெயில் ஏறியதும் மலைச்சரிவு சூடாகும். சரிவை ஒட்டிய காற்றும் சூடாகி, இலேசாகி, மேல்நோக்கி ஏறும். பகல் முழுவதும் அடிவாரத்திலிருந்து மேலே வீசும். இரவில் சரிவு குளிர்ந்ததும் அதே காற்று கனத்து, கீழே இறங்கும். ஆக, காலைப் போட்டிக்கு உதவிய திசையே மாலைப் போட்டிக்கு எதிரியாகலாம். முகட்டில் ஏறும் காற்று நெருக்கப்பட்டு வேகமெடுக்கும், பள்ளத்தில் பதுங்கிக் கிடக்கும். ஒரு மைதானத்தின் இரண்டு முனைகளில்கூட ஒரே காற்று இராது.

ஆடி மாதத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து கிழக்கே பாய்ந்து வரும் காலம். அந்த ஆடியில்தான் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கும். வில்வித்தைப் போட்டியும் உண்டு. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு எல்லாவற்றையும் துளைத்தான் என்று சங்கப் பாட்டு சொல்லும் ஓரியின் மலை அல்லவா? ஓட்டத்தில் காற்றை அளந்து சாதனையைத் தள்ளுபடி செய்கிறார்கள். வில்வித்தையில் அப்படி எந்தக் கணக்கும் கிடையாது. காற்று அம்பை எவ்வளவு தள்ளும் என்று கணித்து, இலக்கை விட்டு விலக்கிக் குறிபார்ப்பது அங்கே திறமையில் சேர்த்தி.

இப்போது உங்கள் முறை. ஒலியலைக் கருவி விலை அதிகம். எருக்கங்காய் வெடித்துப் பறக்குமே வெள்ளைப் பஞ்சு, தாத்தாப்பூச்சி என்று துரத்திப் பிடிப்போமே, அது போதும். மைதானத்தில் ஓடும் திசையில் 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு குச்சிகளை நடுங்கள். முதல் குச்சியருகே, உங்கள் மார்பு உயரத்தில், தாத்தாப்பூச்சியை விடுங்கள். அது காற்றோடு காற்றாக, ஏறக்குறைய காற்றின் வேகத்திலேயே போகும். இரண்டாவது குச்சியைக் கடக்க 5 வினாடி ஆனால் காற்று வினாடிக்கு 2 மீட்டர். அதாவது சரியாக உலக விதியின் வரம்பு. 5 வினாடிக்கு முன்பே கடந்துவிட்டால் இன்றைக்கு உங்கள் மைதானத்தில் சாதனை செல்லாது! எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது, காய்ந்து வெடித்த காயிலிருந்து மட்டும் பஞ்சை எடுங்கள். எருக்கு கிடைக்காவிட்டால் சோப்பு நுரைக் குமிழி.

இலைகளும் சொல்லும். கடலில் காற்றை அளவிட 1805இல் பிரிட்டிஷ் கப்பற்படை அதிகாரி ஃபிரான்சிஸ் போஃபர்ட் வகுத்த அட்டவணை பிறகு தரைக்கும் வந்தது. அதன்படி முகத்தில் காற்று படுவது தெரிந்து, இலைகள் சலசலத்தால் வேகம் வினாடிக்கு 1.6 முதல் 3.3 மீட்டர். சிறு கிளைகள் ஓயாமல் ஆடி, கொடி விரிந்து பறந்தால் 3.4 முதல் 5.4. ஜெஸ்வினுக்குச் சாதனையை மறுத்த காற்று இந்த இரண்டாவது வகை.

காற்றை அளந்தபின் ஓடிப் பாருங்கள். 50 மீட்டர் போதும். ஒரு முறை காற்றோடு, ஓய்வெடுத்துவிட்டு ஒரு முறை காற்றுக்கு எதிரே. காற்று அடங்கியிருக்கும் அதிகாலையில் இன்னொரு முறை. முதல் இரண்டு நேரங்களின் சராசரி, அதிகாலை நேரத்தைவிடக் கூடுதலாக வருகிறதா என்று பாருங்கள். வர்க்கக் கணக்கு சரியென்றால் வர வேண்டும்.

ஒரே ஒருவர் ஓடி முடிவு சொல்லிவிடாதீர்கள். ஸ்டாப்வாட்சைக் கையால் அழுத்தும்போது தாமதம் வரும். 100 மீட்டரில் கையால் எடுத்த நேரத்தோடு 0.24 வினாடி கூட்டித்தான் மின்னணு நேரத்தோடு ஒப்பிடுகிறார்கள். உலக வரம்பிலுள்ள காற்று செய்யும் மாற்றத்தைவிட அது பெரிது. அதனால் வகுப்பு முழுவதும் ஓடுங்கள். பாதிப் பேர் முதலில் காற்றோடும், மீதிப் பேர் முதலில் எதிர்காற்றிலும் ஓடட்டும். அப்போதுதான் களைப்பு ஒரு பக்கத்தை மட்டும் பாதிக்காது. ஒரே ஆள்தான் கடிகாரத்தைப் பிடிக்க வேண்டும். எல்லோருடைய நேரத்தையும் கூட்டி, வகுத்து, சராசரியைப் பாருங்கள். ஒவ்வொரு நேரத்துக்குப் பக்கத்திலும் தாத்தாப்பூச்சி சொன்ன காற்றின் வேகத்தை எழுத மறந்துவிடாதீர்கள், கூட்டல் குறியா கழித்தல் குறியா என்பதையும் சேர்த்து.